எழுத வராத நாட்கள்: எழுத்து முடக்கம் பற்றி ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் நடத்தையியல் ஆய்வுகளுக்கென வெளிவரும் இதழ் ஒன்றில், 1974-ஆம் ஆண்டு, டென்னிஸ் அப்பர் என்ற உளவியலாளரின் கட்டுரை இடம்பெற்றது. எழுத்து முடக்கத்திற்குத் தனக்குத்தானே செய்துகொண்ட சிகிச்சை பலிக்காமற்போன ஒரு நேர்வு என்ற பொருளில் ஒரு தலைப்பு, அதன் கீழே ஆசிரியரின் பெயர், அதற்கும் கீழே பக்கம் முழுவதும் வெற்றிடம். கட்டுரையை மதிப்பிட்ட அறிஞர், எலுமிச்சைச் சாறு தடவியும் எக்ஸ்ரே எடுத்தும் பார்த்துவிட்டதாகவும், ஒரு குறையும் அகப்படவில்லை என்றும், திருத்தம் ஏதுமின்றி வெளியிடலாம் என்றும் எழுதிய குறிப்பையும் இதழ் உடன் அச்சிட்டிருந்தது. இந்த வேடிக்கை ஐம்பது ஆண்டுகளாகச் சொல்லிச் சிரிக்கப்படுவதற்குக் காரணம், சிரிப்பவர்கள் எல்லோரும் அந்த வெற்றுத் தாளின் முன்னால் ஒருமுறையாவது உட்கார்ந்திருப்பதுதான்.

பேச்சில் நாம் பெரும்பாலும் ‘ரைட்டர்ஸ் பிளாக்’ என்றே சொல்கிறோம். எழுத்துத் தடை என்றும் எழுத்து முடக்கம் என்றும் தமிழில் வழங்குகிறது. இக்கட்டுரையில் முடக்கம் என்ற சொல்லையே கையாள்கிறேன். ஏனெனில் தடை என்பது வெளியிலிருந்து வந்து குறுக்கே விழுவது, முடக்கமோ நகரக்கூடியது நகராமல் நிற்பது. எழுதத் தெரிந்த ஒருவர், எழுத விரும்பியும், எழுத நேரமிருந்தும், தொடங்க முடியாமலோ தொடங்கியதைத் தொடர முடியாமலோ நிற்கும் நிலையே எழுத்து முடக்கமாகும். நேரமே கிடைக்காதவருக்கு இருப்பது முடக்கம் அன்று, வேலைப்பளு. எழுத விருப்பமே இல்லாதவருக்கும் முடக்கம் இல்லை. அவர் வேறு ஏதாவது செய்யலாம், அதில் குற்றமும் இல்லை.

இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை 1940-களில் பரப்பியவர், ஆஸ்திரியாவிலிருந்து நியூயார்க்கில் குடியேறிய எட்மண்ட் பெர்க்லர் என்ற உளப்பகுப்பாய்வாளர். கைக்குழந்தைப் பருவத்தில் தாய்ப்பால் தொடர்பாக மனத்தில் பதிந்த ஏமாற்றத்தில் அவர் அதன் வேரைத் தேடினார். அந்த விளக்கத்தை இன்று பெரிதாக எடுத்துக்கொள்வாரில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பெயருக்கு வயது குறைவு என்றாலும் துன்பம் பழையது. தமிழ் மரபில் இதற்கு அழகான சான்று உண்டு. பெரியபுராணம் பாடத் தொடங்கிய சேக்கிழாருக்குத் தில்லைக் கூத்தன் ‘உலகெலாம்’ என்று அடியெடுத்துக் கொடுத்தான் என்பர். கந்தபுராணம் பாடிய கச்சியப்பருக்கு முருகன் ‘திகட சக்கரம்’ என்றும், அருணகிரிநாதருக்கு ‘முத்தைத்தரு’ என்றும் முதலடி அருளியதாக வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பக்தியை ஒரு புறம் வைத்துப் பார்த்தாலும், இம்மூன்று கதைகளிலும் இறைவன் நூலை எழுதிக் கொடுக்கவில்லை, தொடக்கத்தை மட்டுமே கொடுத்தான் என்பது கவனிக்கத்தக்கது. பல்லாயிரம் அடிகள் பாடவல்ல புலவனுக்கும் கடினமானது முதலடிதான் என்று இக்கதைகளைச் சொல்லிவந்தவர்கள் அறிந்திருக்கிறார்கள்.

தாளின் தலையில் பிள்ளையார் சுழி போடும் வழக்கத்தையும் இதனோடு சேர்த்து எண்ணிப்பார்க்கலாம். அதைப் போட்டபின் தாள் வெற்றுத் தாளாக இருப்பதில்லை.

தலைக்குள் என்ன நடக்கிறது

எழுதுவது ஒரே வேலை போலத் தோன்றினாலும், உள்ளே குறைந்தது மூன்று வேலைகள் நடக்கின்றன. என்ன சொல்வது என்று தேடி வகுப்பது ஒன்று. அதை வாக்கியமாக்குவது இரண்டாவது. எழுதியதைப் படித்துச் சரியா தவறா என்று தீர்ப்பளிப்பது மூன்றாவது. லிண்டா ஃபிளவர், ஜான் ஹேய்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், எழுதும்போது மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுமாறு பலரைக் கேட்டு, அப்பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்து, 1981-இல் வெளியிட்ட கட்டுரையில் எழுத்துச் செயலை ஏறக்குறைய இவ்வாறுதான் பிரித்துக் காட்டினர். இம்மூன்றும் முதலில் அது, பிறகு இது என்று வரிசையாக நடப்பதில்லை, ஒன்றினுள் ஒன்று புகுந்துகொண்டே இருக்கின்றன என்பதும் அவர்களின் கண்டறிதல்.

மனித மனத்தால் ஒரே நேரத்தில் கையில் ஏந்தி வைத்துக்கொள்ளக்கூடியவை சிலவே. கட்டுரையின் போக்கு, இந்தப் பத்தியின் நோக்கம், இந்த வாக்கியத்தின் எழுவாய், அதற்கேற்ற பயனிலை, பொருத்தமான சொல், எழுத்துப்பிழை, படிப்பவர் என்ன நினைப்பார் என்ற எண்ணம் ஆகிய எல்லாவற்றையும் ஒருசேரப் பிடித்திருக்க முயன்றால் ஏதாவது ஒன்று நழுவும். நழுவியதை எடுக்கக் குனிந்தால் மற்றவையும் விழும். பழகிய எழுத்தாளருக்கு இவற்றுள் பாதி தானாக நடப்பதால் சுமை குறைவு. புதியவருக்கு ஒவ்வொன்றும் தனிக்கவனம் கேட்கிறது. தொடங்கிய வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்றுமுறை அழிப்பவர் சோம்பேறியும் அல்லர், திறமையற்றவரும் அல்லர். மூன்று ஆட்கள் முறைவைத்துச் செய்ய வேண்டிய வேலையை ஒரே ஆளாக ஒரே கணத்தில் செய்ய முயல்பவர் அவர். முடக்கத்தைப் போக்கச் சொல்லப்படும் வழிகளில் உருப்படியானவை எல்லாமே, ஏதோ ஒரு வகையில் இம்மூவரையும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காதபடி பிரித்து நிறுத்துகின்றன என்பதே என் எண்ணம்.

தமிழில் எழுதுபவருக்கு இதற்கு மேலும் ஒரு சுமை உண்டு. வழிகாட்டி நூல்களில் பெரும்பாலானவை ஆங்கில வழி வந்தவை என்பதால் இதைப் பற்றி அவை பேசுவதில்லை. நாம் நினைப்பது பேச்சுத் தமிழில், எழுதுவது எழுத்துத் தமிழில். ‘நாங்க சின்னப் புள்ளையா இருக்கையில கம்மா நெறஞ்சு மறுகா போகும்’ என்று மனத்தில் தெளிவாக ஓடும் நினைவு, ‘நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது கண்மாய் நிறைந்து மறுகால் பாயும்’ என்று மாறித்தான் தாளில் இறங்க வேண்டும். இது ஏறக்குறைய ஒரு மொழிபெயர்ப்பு. அந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே ‘சிறுபிள்ளை’க்கு நடுவில் ஒற்று மிகுமா, ‘கண்மாய்’ சரியா ‘கம்மாய்’ சரியா என்ற ஐயங்களும் வந்து சேர்கின்றன. வல்லினம் மிகும் இடங்களைப் பற்றிய அச்சத்தால் மட்டும் எழுதாமல் நின்றுபோனவர்களை நான் அறிவேன். அவர்களுக்குச் சொல்லக் கைநிறையச் செய்தி இருந்தது. அதைத் திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் சுவையாகச் சொல்லவும் செய்தார்கள்.

பள்ளியில் பிடித்த பழக்கம்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மைக் ரோஸ் என்ற ஆய்வாளர், பத்து மாணவர்களிடம் அவர்கள் எழுதும் முறையைப் பற்றி விரிவாகக் கேட்டறிந்து 1980-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர்களில் ஐவர் அடிக்கடி முடங்குபவர்கள், ஐவர் தடையின்றி எழுதுபவர்கள். இரு சாராரிடையே அறிவிலோ மொழித்திறனிலோ பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு, அவர்கள் மனத்தில் வைத்திருந்த விதிகளில் இருந்தது. ஒருவர், எந்த வாக்கியமும் முதல்முறையே இலக்கணப் பிழையின்றி அமைந்துவிட வேண்டும், அதன் பிறகே அடுத்த வாக்கியத்திற்குப் போகலாம் என்று நம்பினார். இன்னொருவர், முதல் பத்தியிலேயே வாசகரைக் கட்டிப்போட்டாக வேண்டும் என்ற விதிக்கு அடங்கி, அந்தப் பத்தியைத் தாண்டவே இல்லை. மூன்றாமவர் கட்டுரைக்குத் திட்டம் வரைவதில் நாட்களைச் செலவிட்டு, எழுத்தாக மாற்றவே முடியாத அளவுக்குச் சிக்கலான வரைபடம் ஒன்றை உருவாக்கி வைத்திருந்தார். தடையின்றி எழுதியவர்களிடமும் விதிகள் இருந்தன. ஆனால் அவை ‘முடிந்தால் இப்படிச் செய்’ என்ற அளவில், வேண்டாதபோது விட்டுவிடக்கூடியவையாக இருந்தன.

நம் பள்ளிகளில் கட்டுரை எழுதப் பயிற்றுவிக்கும் முறையை நினைத்துப் பார்த்தால் ரோஸின் மாணவர்கள் அந்நியர்களாகத் தோன்ற மாட்டார்கள். குறிப்புச் சட்டகம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்ற அமைப்பு தேர்வுக்கு உதவியது உண்மை, திருத்துபவருக்கும் எளிது. ஆனால் அதிலிருந்து நாம் கற்றுக்கொண்ட மறைவான பாடம், முன்னுரையை முதலில் எழுதியாக வேண்டும் என்பதும், அம்முன்னுரை ஒரு குறளிலோ ஒரு பொதுவுண்மையிலோ தொடங்க வேண்டும் என்பதும் ஆகும். பள்ளியை விட்டு இருபது ஆண்டுகள் கழித்தும், நீரைப் பற்றி எழுதச் சொன்னால் கை தானாக ‘நீரின்றி அமையாது உலகு’ என்று எழுதிவிட்டு அங்கேயே நிற்கிறது. வள்ளுவர் மேல் பிழையில்லை. அக்குறளுக்குப் பின் நாம் சொல்ல வந்தது என்ன என்பது நமக்கே தெரியாதபோது, அவர் மட்டும் எப்படி அடுத்த வாக்கியத்தைக் கொடுப்பார்? முன்னுரை என்பது வாசகர் முதலில் படிக்கும் பகுதி. எழுதுபவர் அதை முதலில் எழுத வேண்டும் என்று எந்த இலக்கணமும் விதிக்கவில்லை.

எங்கே நிற்கிறது என்று பார்த்தல்

முடங்கிய ஒருவர் செய்ய வேண்டிய முதல் வேலை, எழுத முயல்வது அன்று. எந்த இடத்தில் நிற்கிறோம் என்று கண்டுகொள்வது. தண்ணீர் வராத குழாயில் தொட்டி காலியா, குழாய் அடைத்திருக்கிறதா, யாராவது வால்வை மூடிவிட்டார்களா என்று பார்க்காமல் குழாயைத் திருகிக்கொண்டே இருந்தால் திருகுதான் தேயும்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். முடக்கம் என்று சொல்லப்படுவதில் கணிசமான பங்கு, உண்மையில் செய்தி போதாமைதான் என்று நினைக்கிறேன். ஒரு பொருளைப் பற்றி நமக்கு ஒரு கருத்து மட்டுமே இருந்து, அதைத் தாங்கும் விவரங்கள் இல்லாதபோது, மூன்றாவது வாக்கியத்தில் முதல் வாக்கியத்தையே வேறு சொற்களில் சொல்லத் தொடங்குவோம். அதுவே அடையாளம். அப்போது மேசையிலிருந்து எழுந்து போய் யாரிடமாவது கேட்கவோ, நூலகத்துக்குப் போகவோ, எழுதும் பொருளை நேரில் போய்ப் பார்க்கவோ வேண்டும். எழுத்துப் பயிற்சிகளால் இந்த முடக்கம் தீராது.

இதற்கு எதிரான நிலையும் உண்டு. செய்தி மலையாகக் குவிந்து, எதை விடுவது என்று தெரியாமல் நிற்பது. ஆய்வு மாணவர்களுக்கு நேர்வது பெரும்பாலும் இதுதான். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, ‘இதை யாருக்கு, எதற்காகச் சொல்கிறேன்’ என்பது. பதில் கிடைத்ததும் பாதிச் செய்தி தானாக வெளியேறிவிடும்.

மூன்றாவது நிலைதான் அசல் முடக்கம். செய்தியும் இருக்கிறது, வரிசையும் ஓரளவு தெரிகிறது. ஆனால் வாக்கியம் பிறந்ததும் உள்ளிருக்கும் நீதிபதி அதை வெட்டிவிடுகிறார். இந்த நீதிபதிக்கு எவ்வளவு அதிகாரம் சேரக்கூடும் என்பதற்கு நியூயார்க்கர் இதழின் ஜோசப் மிட்செலைவிடப் பெரிய சான்று தெரியவில்லை. நகரத்து எளிய மனிதர்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் உரைநடைக்கு முன்மாதிரியாகக் கொண்டாடப்பட்டவை. 1964-இல், ஒரு மாபெரும் நூலை எழுதி வருவதாக ஊரெல்லாம் சொல்லிவந்து, கடைசியில் அப்படியொரு நூலே இல்லை என்று தெரியவந்த ஒரு மனிதரைப் பற்றி அவர் எழுதினார். அதற்குப் பிறகு 1996-இல் இறக்கும்வரை, முப்பதாண்டுகளுக்கு மேலாக, அவர் அலுவலகத்துக்கு ஒழுங்காக வந்துபோனார். ஆனால் அதே இதழில் குறிப்பிடத்தக்க புதிய கட்டுரை எதுவும் அவர் பெயரில் வரவில்லை. காரணத்தைப் பற்றிப் பலரும் பலவிதமாக ஊகித்திருக்கிறார்கள். முன்பு எழுதியதன் தரமே ஒருவருக்குச் சுவராக எழுந்து நிற்கும் என்பதை மட்டும் அந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பணியாற்றும் ஓர் ஆசிரியை, பள்ளி ஆண்டு மலருக்காகத் தம் ஊர்க் கண்மாயைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரை எழுத ஒப்புக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரங்களாகத் தினமும் இரவு உட்காருகிறார். ‘மனித வாழ்விற்கு நீர் இன்றியமையாதது’ என்ற வாக்கியம் மட்டும் இருக்கிறது. அதையும் அவருக்குப் பிடிக்கவில்லை.

முதலில் அவர் அந்த வாக்கியத்தை விட்டுவிடலாம். அழிக்கக்கூடத் தேவையில்லை, அடுத்த பக்கத்துக்குப் போனால் போதும். அங்கே கட்டுரையை எழுதாமல், கண்மாயைப் பற்றித் தமக்குத் தெரிந்தவற்றைச் சொற்களாக மட்டும் இறைத்து வைக்கலாம்: மடை, கலுங்கு, மறுகால், கரையில் இருந்த ஆலமரம், சீமைக் கருவேலம், மீன்பிடித் திருவிழா, ஊத்தாக் கூடை, தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டித் தாத்தா, தூர்வாரியபோது கிடைத்த பானை ஓடு. இவற்றுக்கு வரிசை வேண்டாம், வாக்கியம் வேண்டாம், ஒற்றுப்பிழை பார்க்க வேண்டாம். தேடுபவர் மட்டும் வேலை செய்கிறார். எழுதுபவரும் நீதிபதியும் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் பக்கம் நிறையும். நிறையவில்லையென்றால் அவருடைய சிக்கல் செய்திப் பஞ்சம் என்று தெளிவாகிவிடும். மறுநாள் மாலை கரையில் ஒரு நடை போய்வந்து, நீர்க்கட்டித் தாத்தாவிடம் அரை மணிநேரம் பேசினால் தீரும்.

அடுத்து, அச்சொற்களைப் படித்துப் பார்த்து, எந்தச் சொல்லருகே மனம் அதிகம் நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். நீர்க்கட்டித் தாத்தாவிடம் நிற்கிறது என்று கொள்வோம். இப்போதும் எழுத வேண்டாம், பேசலாம். தோழி ஒருவருக்கு அலைபேசியில் குரல் செய்தி அனுப்புவதுபோல, அந்தத் தாத்தா எப்படி மடையைத் திறந்தார், யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று எப்படி முடிவு செய்தார், கடைமடைக்காரர்கள் வந்து சண்டையிட்டபோது என்ன சொன்னார் என்பதையெல்லாம் தம் ஊர்ப் பேச்சிலேயே ஐந்து நிமிடம் சொல்லிப் பதிவு செய்துகொள்ளலாம். இன்றைய அலைபேசிகளில் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் வசதியும் இருக்கிறது. அது பேச்சுத் தமிழைக் கேட்டு அங்கங்கே தடுமாறும், தடுமாறட்டும். நமக்கு வேண்டியது பிழையற்ற பிரதி அன்று, தாளில் ஏதாவது இருப்பது.

சொல்லச் சொல்ல எழுதுவிப்பது பழைய வழிதான். 1866-ஆம் ஆண்டு அக்டோபரில் ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி, நவம்பர் முதல் தேதிக்குள் ஒரு நாவலைக் கொடுக்காவிட்டால் தம் படைப்புகளின் வெளியீட்டு உரிமையைப் பல ஆண்டுகளுக்குப் பதிப்பாளரிடம் இழக்க நேரும் என்ற நெருக்கடியில் இருந்தார். அன்னா என்ற இளம் சுருக்கெழுத்தாளரை அமர்த்திக்கொண்டு, வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லி, 26 நாட்களில் ‘சூதாடி’ நாவலை முடித்தார். அடுத்த ஆண்டு அன்னாவையே மணந்துகொண்டார் என்பது கட்டுரைக்குத் தேவையில்லாத செய்தி என்றாலும் விட மனமில்லை. எதிரே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது வாக்கியம் நடுவில் நின்றுவிடுவதில்லை, தொடக்கத்துக்குத் திரும்பிப்போய் அழிக்கவும் முடிவதில்லை என்பதே இங்கு நமக்குப் பாடம்.

ஆசிரியையிடம் திரும்புவோம். மறுநாள் அவர் அந்தப் பதிவை எழுத்துத் தமிழாக மாற்றுகிறார். இது இப்போது வெற்றுத் தாள் அன்று. இருப்பதை மாற்றும் வேலை, பள்ளியில் மாணவர்களின் ஏடுகளில் அவர் தினமும் செய்வது. இரண்டு பக்கம் வந்துவிடும். அதைப் படிக்கும்போதுதான் தாம் உண்மையில் எழுதிக்கொண்டிருப்பது நீரின் சிறப்பைப் பற்றி அன்று, தண்ணீரைப் பங்கிட ஊர் ஒரு மனிதரை எப்படி நம்பியது என்பதைப் பற்றி என்று அவருக்குத் தெரியவரும். தெரிந்தபின் மீன்பிடித் திருவிழாவை வேறொரு கட்டுரைக்கு எடுத்து வைத்துவிடலாம். சந்தி, ஒற்று, வாக்கிய நீளம் எல்லாம் இதற்கும் பிறகு, கடைசி நாளில், நீதிபதியை உள்ளே அழைத்து உட்காரவைத்துப் பார்க்க வேண்டியவை. அவர் கெட்டவர் அல்லர். நேரத்துக்கு முன்பே வந்துவிடுகிறார், அவ்வளவுதான். முன்னுரை? பெரும்பாலும் அது மூன்றாம் பத்தியில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். தூக்கி மேலே வைத்தால் போதும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் முதல் வரைவைக் கேட்டு வாங்கினால் என்ன என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். தாள் நிறையும், ஐயமில்லை. ஆனால் நம் ஆசிரியை கேட்டிருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடியது ‘மனித வாழ்விற்கு நீர் இன்றியமையாதது’ என்பதன் நான்கு பக்க விரிவுதான். நீர்க்கட்டித் தாத்தாவைச் செயலிக்குத் தெரியாது. தம்மிடம் கேள்விகள் கேட்கும்படி அதைப் பணித்து, அக்கேள்விகளுக்குத் தாம் பதில் எழுதலாம். அது வேறு வகையான உதவி. அதில் எனக்கு மறுப்பில்லை.

மனநிலைக்குக் காத்திருப்பது

எழுத மனநிலை வரவேண்டும், வந்தபின் எழுதலாம் என்பது பரவலான நம்பிக்கை. ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்து 1983-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எழுதுவதில் சிரமப்பட்ட 27 கல்லூரிப் பேராசிரியர்களை அவர் மூன்று குழுக்களாகப் பிரித்தார். அவசரம் இல்லாத எழுத்துவேலை எதையும் செய்யாதிருக்குமாறு ஒரு குழுவிடமும், மனம் வந்தபோது மட்டும் எழுதுமாறு இன்னொரு குழுவிடமும் சொன்னார். மூன்றாவது குழுவினர் மனநிலை எப்படி இருந்தாலும் குறித்த வேளையில் எழுதியாக வேண்டும். தவறினால், தாம் அடியோடு வெறுக்கும் ஓர் அமைப்புக்கு நன்கொடை போய்விடும் என்று முன்கூட்டியே காசோலை எழுதி வைத்திருந்தார்கள். கட்டாயத்தின் பேரில் எழுதியவர்கள் மற்ற இரு குழுவினரைவிடப் பன்மடங்கு எழுதியது வியப்பில்லை. புதிய எண்ணங்களும் அவர்களுக்கே அடிக்கடி தோன்றின என்பதுதான் வியப்பு. எண்ணம் பிறந்தபின் எழுத்து வருகிறது என்று நாம் நம்புகிறோம். எழுதும்போதே எண்ணம் பிறப்பதும் அதே அளவு நிகழ்கிறது.

ஆங்கில நாவலாசிரியர் அந்தனி டிரோலப் அஞ்சல் துறையில் முழுநேரப் பணியில் இருந்துகொண்டே, தினமும் காலை ஐந்தரை மணிக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்திற்கு 250 சொற்கள் என்ற கணக்கில் எழுதினார். அவர் எழுதிய நாவல்கள் மொத்தம் 47. தம் தன்வரலாற்றில் அவர் இதை ஒளிக்காமல் சொன்னதைச் சிலர் ரசிக்கவில்லை. கலை என்பது கடிகாரத்தைப் பார்த்து வருமா என்றார்கள். தமிழில் வார இதழ்த் தொடர்கதைகளின் காலத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி விந்தையாகவே இருக்கும். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் அத்தியாயம் அத்தியாயமாகவே வெளிவந்தது. அச்சகம் காத்திருக்கும்போது மனநிலைக்கு விடுப்பு இல்லை.

புதியவர் இதிலிருந்து 250 சொற்கள் என்ற கணக்கை எடுத்துக்கொள்ள வேண்டாம். கால் மணி நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். கைக்கு எட்டும் அளவுக்குச் சிறிய வேளையும், தினமும் ஒரே நேரமும் போதும். அந்த வேளையில் எழுத வராவிட்டால் என்ன செய்வது என்பதற்குத் துப்பறியும் கதைகளின் ஆசிரியர் ரேமண்ட் சாண்ட்லர் ஒரு கடிதத்தில் நல்ல விதி சொல்லியிருக்கிறார்: எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை, ஆனால் வேறு எதையும் செய்யக்கூடாது. படிப்பது, கடிதம் எழுதுவது எல்லாம் விலக்கு. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர் காலத்தில் அலைபேசி இல்லை. நாம் அதை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தால் அவர் விதி இன்றும் செல்லும். சும்மா இருப்பதைவிட எழுதுவது எளிது என்று மனம் வெகுவிரைவில் ஒப்புக்கொள்ளும்.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். எழுத்து மட்டுமன்றி, வழக்கமாக விருப்பத்தோடு செய்பவை எல்லாமே கசந்து, உறக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரங்களுக்கு மேல் அந்நிலை நீடித்தால், அதை எழுத்து முடக்கம் என்று பெயரிட்டு ஒதுக்கிவிடக் கூடாது. அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டியது. துக்கத்தில் இருப்பவரும், பல இரவுகள் தூக்கமில்லாமல் கைக்குழந்தையைப் பார்ப்பவரும் கடிகாரத்தை எதிரே வைத்துத் தம்மை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. இங்கே சொன்ன வழிகள் அவர்களுக்கானவை அல்ல.

இன்று எழுதிவிட்டவருக்கு நாளை மீண்டும் அதே வெற்றுத் தாள் காத்திருக்குமே என்ற கவலை மிச்சமிருக்கிறது. 1958-இல் வெளியான நேர்காணல் ஒன்றில் அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிடுவதாகச் சொன்னார். சொல்ல இருப்பதையெல்லாம் வடித்துவிட்டு எழுந்தால் மறுநாள் வறண்ட கிணற்றில்தான் வாளியை இறக்க வேண்டும். இந்த உத்தி ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு நன்றாகப் பொருந்துகிறது. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது; அதுவரை வாக்கியம் மூடப்படுவதில்லை. எனவே அன்றைய கடைசி வாக்கியத்தை வினைமுற்றுக்கு முன்பே நிறுத்திவிட்டு ஏட்டை மூடலாம். நம் ஆசிரியையும் அப்படித்தான் எழுந்தார். ‘கடைமடைக்காரர்கள் கூட்டமாக வந்து நின்றபோது, தாத்தா மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலேயே’ என்பதோடு அன்றைய பக்கம் நிற்கிறது. நாளை இரவு அவர் உட்காரும்போது தேட வேண்டியது ஒரே ஒரு சொல். அது என்ன சொல் என்பது அவருக்கு இப்போதே தெரியும்.